நாற்றும் கதிரும்: உத்திரமேரூர்க் குடவோலை காட்டும் வழி

ஒரு பணிக்கு ஆள் சேர்க்கும்போது எழும் முதற் கேள்வி இதுதான்: இன்றே திறம்படச் செய்யக்கூடிய பழகிய கையைத் தேடுவதா, நாளை திறமை பெறுவான் என்று நம்பத்தக்க இளங்கையைச் சேர்ப்பதா? தொழிற்சாலை, விளையாட்டுக் குழு, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி மன்றம் ஆகிய எல்லாவற்றிற்கும் பொதுவான கேள்வி இது. நம் உழவர்கள் இதை வேறு சொற்களால் அறிவார்கள். பசிக்கிறதே என்று விதைநெல்லைக் குத்திப் பொங்கினால் இன்று வயிறு நிறையும். அடுத்த போகத்தில் வயல் வெறுமையாகக் கிடக்கும். விதைநெல்லை மட்டுமே கட்டிக் காத்துப் பட்டினி கிடந்தாலோ, விதைப்பதற்கு உடலில் வலு இராது.

இக்கேள்விக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடிய ஓர் ஊர் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த விடை கோயிற் சுவரில் எழுத்தாக நிலைத்து நிற்கிறது. அவ்வூர் உத்திரமேரூர்.

ஒரு பந்தாட்டப் பேரம்

ஊருக்குள் நுழையுமுன் கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் மக்கள் பெரிதும் விரும்பும் ஆட்டங்களுள் ஒன்று 'பேஸ்பால்'. அங்கே ஒவ்வொரு பெரிய குழுவுக்கும் கீழே சில சிறு குழுக்கள் உண்டு. இளம் ஆட்டக்காரர்கள் அவற்றில் ஆடிப் பழகிப் படிப்படியாக மேலே வருவார்கள். இந்த ஏற்பாட்டை 1920-களில் செயின்ட் லூயி கார்டினல்ஸ் குழுவின் பிராஞ்ச் ரிக்கி பெரிய அளவில் வளர்த்தார். அமெரிக்கர்கள் இதனைப் 'பண்ணை' என்றே அழைக்கிறார்கள். நாம் 'நாற்றங்கால்' எனலாம். ஒரு குழு தன் நாற்றங்காலில் வளரும் இளைஞர்களை மற்றொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அங்குள்ள தேர்ந்த ஆட்டக்காரரைப் பெற்றுக்கொள்ளலாம்.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் குழு அப்படித்தான் செய்தது. தன் நாற்றங்காலில் இருந்த ஜான் ஸ்மோல்ட்ஸ் என்னும் 20 வயதுப் பந்து வீச்சாளரை அட்லாண்டா குழுவுக்குக் கொடுத்து, டாயில் அலெக்சாண்டர் என்னும் 36 வயது வீச்சாளரைப் பெற்றது. அலெக்சாண்டர் அந்தப் பருவத்தில் டெட்ராய்டுக்காக 9 வெற்றிகளை ஈட்டினார். ஒரு தோல்வியும் இல்லை. குழு தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் 1989-உடன் அவர் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். ஸ்மோல்ட்சோ அட்லாண்டாவில் இருபது ஆண்டுக் காலம் நிலைத்து ஆடினார். 2015-இல் அவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

டெட்ராய்ட் செய்தது தவறா? ஒரு பருவத்தின் வெற்றிதான் குறிக்கோள் எனில் தவறன்று. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பெரும் இழப்பு. எந்தக் கால அளவை வைத்து அளக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறுகிறது. இதை மனத்திற் கொண்டு உத்திரமேரூருக்கு வருவோம்.

சுவரில் எழுதிய சட்டம்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது உத்திரமேரூர். பல்லவர் காலத்திலேயே சிறந்திருந்த ஊர் இது. கல்வெட்டுகளில் 'உத்தரமேரு சதுர்வேதிமங்கலம்' என வழங்குகிறது. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 919. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இவை விதி விதியாக விளக்குகின்றன. கல்வெட்டறிஞர் வி. வெங்கையா 1904-05-ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் இவற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டபின் உலகறிந்தவையாயின.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய 'வார்டு' போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலை நறுக்கில் எழுதி, குடும்பின் பெயரிட்ட வாயோலையுடன் கட்டி, குடத்தில் இடுவார்கள். இளையோரும் முதியோருமாகச் சபை முழுதும் கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கியபின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்றுப் படிப்பார். நம்பிமாரும் ஒவ்வொருவராக அதைப் படிப்பார்கள். பிறகே பெயர் பதிவாகும். விரலை மடக்கினால் வேறோர் ஓலையை மறைத்து வைக்க இடமுண்டு அன்றோ? அதனால்தான் அந்த விதி!

இம்முறையில் குடும்புக்கு ஒருவராக 30 பேர் அமைவார்கள். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்திற்கு, அதாவது ஆண்டு வாரியத்திற்கு, 12 பேர். தோட்ட வாரியத்திற்கு 12 பேர். ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாள். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றிற்குத் தனியே குடவோலை எடுத்து ஆறாறு பேரை அமர்த்தினார்கள்.

கொடுத்ததும் வாங்கியதும்

இனி நம் கேள்விக்கு வருவோம். 919-ஆம் ஆண்டு விதிப்படி உறுப்பினராகும் வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டே ஆண்டுகளில், 921-இல், அது 35-க்கு மேல், 70-க்குள் என மாறிவிட்டது. கீழ் எல்லை 5 ஆண்டும் மேல் எல்லை 10 ஆண்டும் உயர்ந்தன. இரு எல்லைகளுக்கும் நடுப்புள்ளியைப் பார்த்தால் 45-லிருந்து 52½ வயதுக்கு ஏறிவிட்டது.

இதை ஒரு கொடுக்கல் வாங்கலாகவே காணலாம். முப்பதைத் தாண்டிய இளைஞர்களைக் கொடுத்துவிட்டு, அறுபதைத் தாண்டிய மூத்தோரை ஊர் வாங்கிக்கொண்டது. 919-இல் 31 வயதான ஒருவரை நினைத்துப் பாருங்கள். அப்போது அவர் பெயர் குடத்தில் விழத் தகுதியுடையது. 921-இல் அவருக்கு வயது 33. தகுதி கையைவிட்டுப் போயிற்று. 923 வரை அவர் காத்திருக்க வேண்டும். மறுபுறம், 919-இல் 61 வயதாகி ஒதுக்கப்பட்டவர் 921-இல் 63 வயதில் மீண்டும் குடத்துக்குள் வருகிறார். இளையவர் கண்ணில் இது இழப்பு. மூத்தவர் கண்ணில் மீட்சி.

புதிய விதியின் நோக்கத்தை 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டே கூறுகிறது: தீயோர் ஒழிய வேண்டும், நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே அது. அரசன் ஆணை வந்தது. அரச அலுவலர் ஒருவரும் சபையில் உடனிருந்தார். ஊர் நிருவாகத்தில் ஏதோ குறை கண்டே திருத்தினார்கள் என்பது இதனால் விளங்கும். குறை நேர்ந்த இடத்தில் பழுத்த கையைத் தேடுவது மனித இயல்பு. டெட்ராய்ட் குழு தேடியதும் அதைத்தான்.

நாற்றங்காலை அழிக்கவில்லை

ஆனால் உத்திரமேரூர் மூத்தோரை வாங்கியதோடு நின்றுவிடவில்லை. அதே கல்வெட்டில் உள்ள வேறு நான்கு விதிகளைச் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படமும் தெரியும்.

முதலாவது, தேர்வான 30 பேரில் முன்பு தோட்ட வாரியமோ ஏரி வாரியமோ செய்தவர்கள், கல்வியில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள் ஆகியோரையே சம்வத்சர வாரியத்தில் அமர்த்த வேண்டும். ஊரின் மேலாண்மைப் பொறுப்புடைய பெருவாரியம் இது. புதிதாக வருபவர் முதலில் தோட்டத்திலும் ஏரியிலும் பணி பழக வேண்டும்; பிறகே மேலே போகலாம். 30 இடங்களில் 12 இடம், அதாவது 40 விழுக்காடு, பழகியோருக்கு. எஞ்சிய 18 இடம், 60 விழுக்காடு, புதியவர்களும் அமரக்கூடியவை. அமெரிக்கர் 'பண்ணை' என்று சொல்லும் ஏற்பாட்டின் கரு இதுவேயன்றோ?

இரண்டாவது, கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. எவ்வளவு திறமையானவராயினும் ஓராண்டு பணி செய்தபின் மூன்றாண்டு ஒதுங்கியே இருக்க வேண்டும். பழகியவருக்கு மதிப்பு உண்டு; ஆனால் அவர் நாற்காலியிலேயே நிலைத்துவிட முடியாது.

மூன்றாவது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரவே முடியாது. அவர் மட்டுமல்லர், சிற்றன்னை மக்கள், பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் விலக்கப்பட்டன. அனுபவம் என்ற பெயரில் ஒரு குடும்பம் ஊரைப் பிடித்துக்கொள்வதைத் தடுக்கும் வேலி இது.

நான்காவது, சொத்துத் தகுதியில் ஒரு தளர்வு. இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவரே உறுப்பினராகலாம் என்பது பொது விதி. பிற்காலத் தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். ஆனால் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்று விரித்துரைக்க வல்லவருக்கு அரைக்கால் வேலியே போதும். கல்வித் திறமை பாதி நிலத்துக்கு ஈடாகியது.

ஒரு சிறு கணக்கு

இவ்விதிகள் எப்படி வேலை செய்திருக்கும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓராண்டு பணி, மூன்றாண்டு ஓய்வு என்றால் ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் குறைந்தது 4 பேராவது வேண்டும். 30 குடும்புகளுக்கு 120 பேர். அதற்கும் குறைந்தால் சக்கரம் சுழலாது. புதியவர்களைத் தேடிப் பழக்குவது ஊருக்குக் கட்டாயமாகிவிடுகிறது.

ஒரு குடும்பில் சரியாக 4 பேரே இருந்தால் ஒருவர் 36 வயதில் தொடங்கி 40, 44, 48 என 68 வரை, வாழ்நாளில் அதிக அளவாக 9 முறை பணி செய்யலாம். 10 பேர் இருந்தால் ஆண்டுதோறும் 3 பேர் ஓய்வில் இருப்பார்கள். குடத்தில் 7 ஓலை. ஒருவருக்கு அந்த ஆண்டு வாய்ப்பு ஏழில் ஒன்று. நீண்ட காலச் சராசரியில் ஒருவருக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை; 35 ஆண்டுக் காலத்தில் மூன்று அல்லது நான்கு முறை. முதல் முறை ஏரியில் கற்றுக்கொள்வார். அடுத்த முறைகளில் பெருவாரியத்தில் அமர்ந்து பிறருக்கு வழிகாட்டுவார். ஊரில் பலர் நிருவாகத்தை நேரில் கற்றவராகிவிடுவர். தனி மனிதரிடம் தேங்காமல் அனுபவம் ஊர் முழுவதும் பரவுகிறது.

ஏரியைப் புதியவர் கையில் விடலாமா?

இங்கே ஓர் ஐயம் எழும். ஏரிதான் ஊரின் உயிர். பல்லவன் தந்திவர்மனின் சிறப்புப் பெயரால் 'வைரமேகத் தடாகம்' என வழங்கிய பேரேரி உத்திரமேரூருக்கு நீர் தந்தது. வடகிழக்குப் பருவ மழையின் சில வாரங்களில் வந்து சேரும் நீரை ஆண்டு முழுவதும் வைத்துப் பயன்படுத்த வேண்டும். கரையில் ஒரு நண்டு வளையிலிருந்துகூட உடைப்பு தொடங்கலாம். ஒவ்வொரு மழையிலும் வண்டல் வந்து படியும். தூர் எடுக்காவிட்டால் கொள்ளளவு ஆண்டுக்கு ஆண்டு குறையும். எந்த மதகை எப்போது திறப்பது, கலங்கலை எவ்வாறு காப்பது என்பவை புத்தகத்தில் படிக்கும் பாடமல்ல. இத்தகைய ஏரியை எஞ்சிய ஆறு பேரிடம், அதுவும் 360 நாளுக்கு மட்டும், ஒப்படைப்பது அறிவுடைமையா?

விடை இரு வகையில் கிடைக்கிறது. ஒன்று, வாரியங்கள் மாறினாலும் அறக்கட்டளைகள் மாறவில்லை. ஏரியில் தூர் எடுப்பதற்கென்று கொடை வைத்ததை இவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு பணி நடக்க வேண்டும். கணக்கு எழுதும் கரணத்தானுக்கும் கடுமையான விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே சபைப் பெருமக்களிடம் காட்டி, நேர்மையானவர் என்று தேறிய பின்பே அவர் மீண்டும் அப்பணிக்கு வரலாம். வேறொருவரைக் கொண்டு கணக்கை முடிக்க முடியாது. ஆகவே ஆள் மாறினாலும் ஊரின் நினைவு ஓலையிலும் கல்லிலும் தொடர்ந்தது.

மற்றொன்று, ஏரி நல்ல ஆசிரியர். கரை கசிந்தால் அன்றே தெரியும். மதகு அடைபட்டால் அந்த வாரமே வயல் காயும். தவறு உடனே கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் புதியவர் விரைவில் கற்க முடியும். ஊரின் பொது மேலாண்மையில் நேரும் தவறு பல ஆண்டுகள் கழித்தே புலப்படும். அங்கே பழகிய கண் தேவை. புதியவரை ஏரிக்கும் பழகியவரைப் பெருவாரியத்துக்கும் அனுப்பிய பகுப்பில் இந்த நியாயம் பொதிந்திருக்கிறது எனலாம்.

ஏதென்சும் வெனிசும்

சீட்டுக் குலுக்கலால் ஆட்சியாளரைத் தேர்ந்தவர்கள் தமிழர் மட்டுமல்லர். பண்டைய ஏதென்சில் ஐந்நூற்றுவர் அவைக்கு 30 வயது கடந்தோரைக் குலுக்கலில் எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அதில் இருக்க முடியாது. ஆனால் படைத்தலைவர் பதின்மரை மட்டும் கையுயர்த்தி வாக்களித்துத் தேர்ந்தார்கள். அவர்கள் எத்தனை முறையும் வரலாம். பெரிக்ளீஸ் கி.மு. 429-இல் இறக்கும் முன் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தொடர்ந்து அப்பதவியில் இருந்தார். போர்க்களத்தில் அனுபவத்தைக் குலுக்கலுக்கு விட அவர்கள் துணியவில்லை. வெனிஸ் நகரிலோ 1268 முதல் தலைவரைத் தேர்வதில் குலுக்கலும் வாக்கும் மாறி மாறி வந்தன. அங்கும் குலுக்கலில் உருண்டைகளை எடுத்தவன் ஒரு சிறுவனே!

ஏதென்சு பழகியோருக்கும் புதியோருக்கும் தனித்தனிக் கதவுகள் வைத்தது. உத்திரமேரூரோ ஒரே கதவு வைத்து, உள்ளே படிக்கட்டு அமைத்தது.

குறையையும் காண்போம்

பழம்பெருமை பேசி நின்றுவிடுவது அறிவியல் நோக்கு ஆகாது. உத்திரமேரூர்ச் சபை இன்றைய பொருளில் மக்களாட்சி அன்று. அது நிலமுடைய பிராமணர்களின் சபை. வயலில் உழைத்தவர்கள், கைவினைஞர்கள், பெண்கள் ஆகியோரின் பெயர் ஓலையில் ஏறவில்லை. ஏரிக்கரையில் மண் சுமந்தவருக்கும் மதகைத் திறந்தவருக்கும் ஏரியைப் பற்றிய அறிவு வாரியத்தாரைவிட மிகுதியாக இருந்திருக்கலாம். அந்த அறிவுக்கு வாரியத்தில் இடமில்லை. தன் நாற்றங்காலை ஊர் மிகச் சிறிதாக வேலியிட்டுக்கொண்டது. வெளியே முளைத்த பயிர்களை அது பார்க்கவேயில்லை. புதியவரா, பழகியவரா என்று கேட்பதற்கு முன், யாரையெல்லாம் எண்ணிக்கையில் சேர்த்தோம் என்று கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இன்றைக்கு என்ன பயன்?

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் நம் ஊராட்சிகளுக்குப் புதிய அடித்தளம் தந்தது. 21 வயது நிரம்பியவர் எவரும் போட்டியிடலாம். தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்கியது. பராந்தகன் காலத்து வேலி உடைந்தது. ஆனால் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. ஒதுக்கீட்டு இடங்கள் சுழற்சியில் மாறுகின்றன. முதன்முறையாக மன்றத்துக்கு வரும் ஒரு பெண், வரவு செலவையும் குடிநீர்த் திட்டத்தையும் ஏரிப் பணியையும் கற்றுத் தேறும் வேளையில் அவருடைய இடம் வேறு பிரிவுக்கு மாறிவிடக்கூடும். சுழற்சி புதியவருக்குக் கதவைத் திறக்கிறது. அதே சுழற்சி கற்றவரை வெளியே அனுப்பியும் விடுகிறது. உத்திரமேரூர் இங்கே துணை செய்யக்கூடும். ஓய்வு பெற்றவர் ஓய்ந்துபோகாமல், முன்பு பணி செய்தவர் என்ற தகுதியோடு மேற்படியில் மீண்டும் வர வழி வேண்டும் என்பதே அதன் குறிப்பு.

விளையாட்டிலும் இதே பாடம்தான். 2018-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் குழுவை 'வயதானோர் படை' என்று பலர் நகைத்தார்கள். மே 27-இல் நடந்த இறுதிப் போட்டியில் 36 வயது ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஆனால் 2020-இல் அக்குழு முதன்முறையாக முதல் நான்கு இடங்களுக்கு வெளியே நின்றது. 2021-இல் மீண்டும் கோப்பை வந்தபோது, அந்தத் தொடரிலேயே மிகுதியாக 635 ஓட்டங்கள் எடுத்திருந்தவர் 24 வயது ருதுராஜ் கெய்க்வாட். தலைமை தாங்கியவரோ 40 வயது தோனி. கதிரும் நாற்றும் ஒரே வயலில் நின்றன.

ஆகவே, இளையவரைக் கொடுத்து மூத்தவரை வாங்கலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூற முடியாது. வாங்கலாம், ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. புதியவர் நுழையும் வாயில் ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். பழகியவர் தம் இடத்திலேயே வேரூன்றிவிடக் கூடாது. இருவரும் கணக்குக் காட்ட வேண்டும். 921-இல் தன் இளைஞர்களை ஐந்தாண்டு காத்திருக்கச் சொன்ன உத்திரமேரூர், இந்த மூன்றையும் சேர்த்தே எழுதி வைத்தது. அடுத்த முறை காஞ்சிபுரம் போகிறவர்கள் சற்றுத் தெற்கே சென்று அச்சுவரின் முன் நின்று பார்க்க வேண்டும். பள்ளித் தேர்தலிலும் ஊர்ச் சங்கத்திலும் விளையாட்டுக் குழுவிலும் நாம் வகுக்கும் விதிகள், வெல்லப்போவது யார் என்பதோடு, நாளைக்குக் கற்றுக்கொள்ளப்போவது யார் என்பதையும் முடிவு செய்கின்றன.